ஸௌம்யா போட்டுக் கொடுத்த பூட்டு

பெரிய காஞ்சிபுரம்
14.3.2005

அன்புள்ள ஸௌமி,

நலம் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் பொய்யாகிவிடும். பெங்களூரில் நீயாவது நன்றாக இரு.

மெயில் அனுப்பாமல் தபாலில் எழுதுகிறேனே என்று திட்டாதே. நெட் சென்டரில் என் நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பேர் காத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாத விஷயம் இது.

எங்கள் மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் முதலில் பேசுவது நான்தான். முடிவைச் சொல்வதும் நான்தான். எல்லோருக்கும் ஒரே வாக்குத்தான் கொடுக்கிறேன், இந்த அறையைத் தாண்டிப் போகாது என்று. போன மாதம் கம்ப்யூட்டர் பழுதாகிக் கடைக்குப் போனது. அங்கே யாரோ எங்கள் பட்டியலை நகல் எடுத்துவிட்டார்கள்.

நேற்று முன்தினம் ஒரு நெசவாளர் வந்து என் மேஜை முன் நின்றார். பெயரை உனக்குக்கூட எழுதமாட்டேன். "நாளைலேர்ந்து தறிக்கு வராதபான்னுட்டாங்கமா. எங்க வீட்ல குழாயாண்ட போனா கொடத்த எடுத்துக்கினு எல்லாம் நவுந்துக்கிறாங்க. யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதானமா சொன்னீங்க?" என்றார். கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார். இன்று போய்ப் பார்த்தேன். வீடு பூட்டியிருக்கிறது. மனைவி, குழந்தையோடு எங்கே போனார் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் மையத்து டாக்டர் தேவசகாயம் மறுபடி நோட்டுப் புத்தகத்துக்கே போய்விடலாம் என்கிறார். நோட்டை வைக்கிற பீரோவுக்கு மூன்று சாவி, மூன்று பேர் கையில் இருக்கிறது. நீ கம்ப்யூட்டரோடு வாழ்கிறவள். ரகசியம் காக்கிற கம்ப்யூட்டர் என்று ஒன்று உலகத்தில் உண்டா? என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லாதே, உண்மையைச் சொல்.

கலங்கியிருக்கும்
கலாவதி


பெங்களூர்
19.3.2005

என் கலா,

உண்டு. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் கடைக்காரர்கள் போட்டுக் கொடுத்த திருட்டு மென்பொருளை முதலில் தூக்கி எறிய வேண்டும். அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதோ, யார் கண்டது?

அதற்குப் பதிலாக, கம்ப்யூட்டரை இயக்க இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டுக்கொள். அதை எழுதியவர்கள் ஒவ்வொரு வரியையும் ஊர் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதில் பட்டியலைப் பூட்டி வைக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அதுவும் அப்படித்தான். "எல்லாரும் பார்த்தால் திருடனும் பார்ப்பானே" என்று கேட்பாய். பார்க்கட்டும். பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தாலும் சாவி இல்லாமல் திறக்காது. உலகமெங்கும் கெட்டிக்காரர்கள் அதில் ஓட்டை தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கிடைத்தால் சொல்லி, அடைக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாதவன் தரும் பூட்டை விட, இதைத்தான் நான் நம்புவேன்.

சாவி என்பது ஒரு வாக்கியம். நீளமாக, நீ மட்டுமே யோசிக்கக்கூடியதாக இருக்கட்டும். சாமி பெயர், அம்மா பெயர் கூடாது. மறந்தால் என்னாலும் திறக்க முடியாது. அந்த மென்பொருளை எழுதியவர்களாலும் முடியாது. செல்போனில் மட்டும் பரிசோதனைக்கு வந்த யார் பெயரையும் வைக்காதே. அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நமக்கு இன்னும் வழி இல்லை.

யுகாதி விடுமுறைக்கு வந்து நானே போட்டுத் தருகிறேன். உங்கள் வீட்டில்தான் தங்குவேன். தம்பி அச்சுத் வீட்டை விட்டுப் போன பிறகு எங்கள் சின்ன காஞ்சிபுரம் வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உன்
ஸௌம்யா


பெரிய காஞ்சிபுரம்
28.5.2005

அன்புள்ள ஸௌமி,

நீ வந்து பூட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய் ஏழு வாரமாகிறது. இன்னும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சாவி கொடுக்காமல் பட்டியலைத் திறந்து காட்டினேன். திரை முழுக்கப் புரியாத எழுத்துகள், பக்கம் பக்கமாக. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதுக்குள்ள நானூறு பேர் இருக்காங்களாமா?" என்றார். "நானூத்திப் பன்னெண்டு சார்." "ஒருத்தர் மொகம்கூடத் தெரியலையே!" மாதாகோயிலுக்குள் பேசுகிற குரலில் சொன்னார்.

பிறகு பிரின்டர் வேலை செய்யவில்லை. நீ சொன்ன லினக்ஸ்காரர்களின் மெயில் குழுவுக்கு என் ஓட்டை இங்கிலீஷில் எழுதிக் கேட்டேன். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது, பிரேசிலில் ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து. காஞ்சிபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. மறுநாளும் எழுதியிருக்கிறார், சரியாகிவிட்டதா என்று. யாருடி இவர்களெல்லாம்? போன வாரம் கருட சேவைக் கூட்டத்தில் ஒருவர், யார் பெற்ற குழந்தையையோ, தோளில் தூக்கி வைத்துப் பெருமாளைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த பிரேசில்காரர் ஞாபகம் வந்தது.

நேற்று கம்ப்யூட்டர் மறுபடி படுத்துவிட்டது. வேறு கடைக்குக் கொடுத்தேன். இந்த முறை பயமில்லாமல் விட்டுவிட்டு வந்தேன். கடைக்காரர் சிட்டிபாபு, "இன்னாமா இது, எதுவுமே தொறக்க மாட்டேங்குது?" என்றார். சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகையும் வந்தது. அந்த நெசவாளர் குடும்பம் இன்னும் திரும்பி வரவில்லை.

நன்றி சொன்னால் அடிப்பாய். ஆகவே சொல்லவில்லை.

கலா


பெங்களூர்
3.8.2005

கலா,

இதை எழுத மூன்று நாளாகத் தயங்கினேன்.

"அவன் பேரை இந்த ஆத்துல எடுக்கப்படாது" என்று அப்பா சொன்னதும், அம்மாவும் நானும் வாயை மூடிக்கொண்டதும் உனக்குத் தெரியும். மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஒரே ஊருக்குள் இருக்கிற அச்சுத்தை ஒருமுறைகூட நான் போய்ப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை பெண் ஜாஹ்னவி போன் செய்தாள். உங்கள் மையத்துப் படியிலிருந்து அவன் இறங்கி வந்ததைப் பார்த்தாளாம். ரொம்ப இளைத்திருந்தானாம். அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

அவன் பெயர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா? ஆம் அல்லது இல்லை, அது போதும். படித்ததும் உன் கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன். நான் அவன் கூடப் பிறந்தவள். அந்தப் பூட்டைப் போட்டுக் கொடுத்ததே நான்தானே, கலா?

ஸௌம்யா


பெரிய காஞ்சிபுரம்
8.8.2005

அன்புள்ள ஸௌமி,

ஆம் என்றும் எழுதமாட்டேன். இல்லை என்றும் எழுதமாட்டேன்.

இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இல்லாதவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டால், நான் வாய் திறக்காத அன்று அந்த மௌனமே ஆம் ஆகிவிடும். அப்புறம் எந்தப் பூட்டும் எதற்கும் உதவாது.

உன் வேதனை எனக்குத் தெரிகிறது. ஆனால் அன்று என் மேஜை முன் நின்றவரை நீ பார்க்கவில்லை. கடையில் பட்டியலை நகல் எடுத்தவனும் முதலில் தனக்கு வேண்டிய ஒருவரிடம்தான் சொல்லியிருப்பான்.

அச்சுத் ரங்கசாமி குளம் பக்கம் அச்சகத்துக்கு மேல் மாடியில் குடியிருக்கிறான். இது ஊருக்கே தெரிந்தது. ஆகவே சொல்கிறேன்.

என்னை வெறுத்துவிடாதே.

கலாவதி


பெரிய காஞ்சிபுரம்
20.9.2005

ஸௌமி,

ஆறு வாரமாயிற்று. தபால்காரர் வேலாயுதம், நான் கேட்கும் முன்பே "பெங்களூர் இல்லமா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். திட்டியாவது ஒரு வரி எழுது. பதிலை மட்டும் மாற்ற முடியாது.

கலா


பெங்களூர்
12.11.2005

என் அருமைக் கலா,

மூன்று மாதம் உன்னைச் சபித்தேன். தீபாவளிக்கு ஊருக்கு வந்தும் உன்னைப் பார்க்காமல் திரும்பினேன். முதலில் அதற்கு மன்னிப்பு.

நீ சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றிருந்தால் நிம்மதியாக அவனை மறுபடி மறந்திருப்பேன். ஆம் என்றிருந்தால் அம்மாவிடம் சொல்லி அழுது, பரிதாபத்தை மூட்டை கட்டிக்கொண்டு போய் அவன் முன் நின்றிருப்பேன். நீ இரண்டையும் தரவில்லை. தீபாவளிக்கு வந்தபோது வெறும் அக்காவாகத்தான் அந்த அச்சகத்து மாடிப்படி ஏற முடிந்தது.

கதவைத் திறந்தவன் வழிவிடாமல் நின்றான். "அப்பா அனுப்பிச்சாரா?"

"இல்லடா. நானாத்தான் வந்தேன்."

"இப்ப என்ன திடீர்னு?"

"மூணு வருஷமா வராம இருந்தது தப்புன்னு சொல்ல வந்தேன்."

கதவிலிருந்து கையை எடுத்தான். பிறகு நகர்ந்துகொண்டான். இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போனான். மணிக்கட்டு எலும்பு தெரிந்தது. மையத்துக்கு ஏன் போனாய் என்று நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை. அவனாகச் சொன்னால் அன்று கேட்டுக்கொள்வேன்.

அந்தப் பூட்டின் கணக்கு எனக்குத் தெரியும். உலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து உட்கார வைத்தாலும், சூரியன் அணைவதற்குள் உடைக்க முடியாது. படித்த நாள் முதல் அதை நினைத்து வியந்திருக்கிறேன். ஆனால் அது எண்களின் உறுதி. எண்களுக்கு நான் அழுதது கேட்காது. உனக்குக் கேட்டது. கேட்டும் நீ திறக்கவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து தெரியும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே! இன்று உன் பெயரை எழுதவே கொஞ்சம் பயமாக, பெருமையாக இருக்கிறது.

நேற்று அச்சுத் போன் செய்தான். ரசத்துக்குப் புளித் தண்ணீரை எப்போது விடுவது என்று கேட்டான். சொன்னேன். அரை மணி நேரம் சமையலைப் பற்றியே பேசினோம். அவனைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போதுமாக இருக்கிறது.

உன்னிடம் தோற்றதில் மகிழும்
ஸௌம்யா