வைப்பருக்கு அடியில் ஒரு எண்

மரக்காணம்,
12.3.2025

அன்புள்ள பிரியங்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்து, காரின் இரண்டாவது சாவி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அப்பா கட்டிய சிவப்புக் கயிறோடு, பட்டுப் புடவைக்கு அடியில், வைத்த இடத்திலேயே. அதன் பிறகுதான் பல் தேய்த்தேன்.

நேற்று போனில், "யாரும்மா அந்த ஆளு?" என்று கேட்டாய். கேட்ட குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டையாகிவிடும் என்று வைத்துவிட்டேன். மெயிலில் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வீட்டில் காருக்கு சார்ஜ் போட வழியில்லை. கீழ் வீட்டு கொளஞ்சியம்மாள் இன்னும் அதையேதான் சொல்கிறார்: "நான் படுக்கற எடத்துக்குப் பக்கத்துல ராவெல்லாம் கரண்ட்டு ஓடக் கூடாதும்மா." வாடகைக்கு இருப்பவள் என்ன பேச முடியும்? கல்லூரி முடிந்து திண்டிவனத்திலிருந்து வந்ததும், ஈசிஆரில் உப்பளத்தை ஒட்டியிருக்கும் சார்ஜிங் பாயின்ட்டுக்குத்தான் போகிறேன். ஒரே ஒரு மெஷின். வருகிறவர்கள் காரைச் செருகிவிட்டு, போன் நம்பர் எழுதிய சீட்டை வைப்பருக்கு அடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஃபுல் ஆனதும் அடுத்து நிற்பவர் கூப்பிடுவார். அங்கே அதுதான் சட்டம்.

நான் இன்னும் அப்பா எழுதி லேமினேட் செய்த சீட்டையே வைக்கிறேன். சகாதேவன் என்ற பெயரும் அவர் நம்பரும். அவர் போன பிறகு அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று, நீதானே சிம்மை ஹாம்பர்க்குக் கொண்டுபோனாய். அதனால் உப்பளத்தில் நிற்பவர்கள் உன்னைக் கூப்பிடுகிறார்கள். நீ என்னைக் கூப்பிட்டு, "அம்மா, வண்டி ரெடியாம்" என்கிறாய். அதைக் கேட்பதற்காகத்தான் சீட்டை மாற்றவில்லை என்று வைத்துக்கொள்.

நேற்று பாத்திகளுக்கு நடுவே நடந்துவிட்டுத் திரும்பினால், கார் மெஷினிடம் இல்லை. தள்ளி, வேலிக்கருவை நிழலில் நின்றது. பூட்டியிருந்தது. கேபிளை யாரோ, அப்பா சுற்றுவது போலவே, இடப்பக்கமாகச் சுற்றி மாட்டியிருந்தார்கள். சாவி என் கைப்பையில் இருந்தது.

எந்த ஆளும் இல்லை, கண்ணு.

அன்புடன்,
அம்மா

ஹாம்பர்க்,
15.3.2025

அம்மா,

நான் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. உனக்கு ஒரு துணை இருக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான், நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். யாராவது ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மதியம் ஆபீஸ் கேன்டீனில் இருந்தேன். கொஞ்ச நாளாக அடிக்கடி கூப்பிடும் டாக்சிக்காரர் சுப்ராயன்தான் கூப்பிட்டார். "வண்டி ஃபுல் ஆயிடுச்சும்மா, எடுக்கச் சொல்லுங்க" என்றார். சரிங்கண்ணா என்பதற்குள், "வேணாம் வேணாம், தோ சார் வந்துட்டாரு. செருப்பக் கையில புடிச்சிகினு வரப்பு மேல வர்றாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உப்பில் நடப்பவர் யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன வருஷம் அப்பா அந்த வரப்பில் விழுந்து கிடந்தபோதும் செருப்பு கையில்தான் இருந்தது என்று சித்தப்பா சொன்னார். கார் ஃபுல் ஆகிவிட்டது என்று யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்து, பாத்திகளுக்கு நடுவே போன் அடிப்பது கேட்டுத்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு இது வேண்டாம்மா. வேல்முருகன் சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். வருகிற 23ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வாங்குகிற ஆளோடு வந்து காரை எடுத்துக்கொள்வார். அப்பா நம்பரையும் அன்றைக்கே நிறுத்திவிடுகிறேன். செமஸ்டர் முடிந்ததும் நீ இங்கே வந்துவிடு. அதுவரை தயவுசெய்து அங்கே சார்ஜ் போடாதே.

பிரியங்கா

மரக்காணம்,
19.3.2025

அன்புள்ள பிரியங்கா,

நீ சொல்வது சரி. வேல்முருகன் வரட்டும், கொடுத்துவிடலாம். இந்த வாரம் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். பெருமுக்கல் தாண்டும்வரை நின்றுகொண்டே போக வேண்டியிருக்கிறது, மற்றபடி குறையில்லை.

நேற்று பஸ் ஸ்டாண்டில் சுப்ராயனைப் பார்த்தேன். போன மாதம்தான் இந்தப் பக்கம் ஓட்ட வந்திருக்கிறார். அப்பாவை அவருக்குத் தெரியாது. அன்றைக்குக் காரை எடுத்தவர் எப்படி இருந்தார் என்று கேட்டேன். "உங்க வூட்டுக்காரர்தானேம்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? அவர் ஏதாவது பேசினாரா என்று கேட்டதற்கு, "எண்பதுலயே எடுக்கச் சொன்னா கேக்க மாட்டா, நூறு வரைக்கும் வுட்டுடறான்னு உங்களத்தான் திட்னாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

நூறு சதவீதம் ஏற்றினால் பேட்டரி கெட்டுவிடும் என்று அப்பா தினமும் என்னிடம் சண்டை போட்டது நம் மூன்று பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?

காரில் டிரைவர் பக்கத்துக் கால்மிதியில் உப்பு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன். நீ கவலைப்படாதே. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அம்மா

மரக்காணம்,
22.3.2025, சனிக்கிழமை

என்னங்க,

நாளைக்குக் காரை எடுத்துப் போகிறார்கள். உங்கள் நம்பரையும் நிறுத்துகிறாள். அவள் மேல் வருத்தப்படாதீர்கள். தூரத்தில் தனியாக இருக்கிறாள், பயந்துவிட்டாள். நானும் பயப்பட வேண்டியவள்தான். பயம் வரவில்லை. அன்று கால்மிதியைத் துடைக்கக் குனிந்தபோது, இவ்வளவு நாள் செருப்பில்லாமல் நடந்தால் கால் வெடித்திருக்குமே என்றுதான் தோன்றியது.

இதை மடித்து உங்கள் சீட்டோடு வைப்பருக்கு அடியில் வைக்கிறேன். வேறு யார் எடுத்துப் படித்தாலும் பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

பிரியங்காவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். வேல்முருகனிடமும் சரி என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதது இதுதான். இன்று சாயங்காலம் காரைக் கொண்டுபோய் மெஷினில் செருகுவேன். நடக்கப் போக மாட்டேன். சிவப்புக் கயிறு கட்டிய சாவி உங்கள் இருக்கையில் இருக்கும். எண்பதிலேயே எடுத்துவிடுங்கள்.

நான் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பேன். எங்கே போகிறோம் என்று கேட்க மாட்டேன்.

செந்தமிழ்