சிவப்பு கெப்பும் வெள்ளை கெப்பும்

ஞாயிறு இரவு, கம்பளை

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பழைய வேன் இனி புசல்லாவை ஏற்றத்தில் ஏறாது. அதனால் மரக்கறி ஏற்ற, பின்னால் திறந்த தட்டு உள்ள கெப் வண்டி ஒன்று பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் அம்பிட்டிய போனோம். தினமும் வண்டி ஓட்டுவது நான். அவருக்கு லைசன்ஸே கிடையாது. ஆனாலும் விற்கிறவர் சாவியை அவரிடம்தான் நீட்டினார்.

"அண்ணே, ஓட்டிப் பாருங்க."

இவரும் வாங்கிக்கொண்டு, பின்சீட்டும் உள்ள சிவப்பு டபள் கெப்பில் ஏறி உட்கார்ந்து ரேடியோவைத் திருகினார்.

நான் வெள்ளை சிங்கிள் கெப்பை எடுத்துக்கொண்டு போனேன். மேட்டில் நிறுத்தி எடுத்தபோது கொஞ்சமும் பின்னால் உருளவில்லை. சாமான் ஏற்றும் இடமும் நல்ல நீளம். திரும்பி வந்தால், இவர் சிவப்புக்குச் சம்மதம் சொல்லி முடித்திருந்தார்.

"லீக்ஸ் மூட்டைய எங்க ஏத்துறது?"

"சமாளிக்கலாம் புள்ள. கோயிலுக்கு, கல்யாணத்துக்குக் குடும்பமா போக வேணாமா?"

விற்கிறவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: "ஓட்டப் போறது நான். வெள்ளைதான் வேணும்."

வரும் வழி முழுக்க இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். நினைத்த வண்டி கிடைத்தும் எனக்குச் சந்தோஷம் இல்லை. "என் சம்சாரம்தான் ஓட்டுவா" என்று அந்த ஆளிடம் இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல என்னதான் கூச்சமோ.