பானெட்டில் அப்பா வைத்த பொட்டு

மேகலா,

காம்பாரில் சித்தியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருகிறேன். சாதமும் நெத்திலிச் சம்பலும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

அழுக்கு ஒட்டாமலிருக்க நீ கேட்ட அந்தக் கோட்டிங்கைக் காருக்குப் போட்டுக்கொள். போன ஆயுத பூஜையில் அப்பா பானெட்டில் வைத்த குங்குமம் பெயிண்டில் ஊறிவிட்டது. கோட்டிங்குக்கு முன் பாலிஷ் போட்டால் அது போய்விடுமே என்றுதான் நேற்று மறுத்தேன். “கறைதானேம்மா அது” என்று நீ சொன்னதும் கோபம் வந்துவிட்டது.

அப்பா இருந்தவரை, “ஆஸ்பத்திரியில நின்னு நின்னு வருது, பிள்ள தூங்கட்டும்லா” என்று ஞாயிறுதோறும் அவரே கழுவி வைப்பார். இனி உனக்கு யார் கழுவித் தருவார்கள்?

அம்மா

பி.கு.: பூச்சு இறுகும்வரை மழை படக்கூடாதாமே. தைப்பிங் மழையை நம்ப முடியாது. போர்ச்சிலிருந்த என் பூச்சட்டிகளை எல்லாம் பின்பக்கம் நகர்த்திவிட்டேன். காரை நன்றாக உள்ளே தள்ளி நிறுத்து.