கீலாவா, சூக்காவா

செவ்வாய், இரவு

எங்கள் கொட்டகைக்கு வரும் குப்பையில் ஆஸ்பத்திரி ஊசிகள் இருப்பது இன்று தணிக்கைக்கு வந்த அதிகாரிக்குத் தெரியும். தெரிந்தேதான் எல்லாம் ஒழுங்கு என்று எழுதிக்கொண்டு போனார்.

மனிதர் இந்த ஊரிலேயே மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழர். குப்பை பிரிக்கும் பெண்களிடம் தமிழிலேயே கேட்டார். "என்னம்மா, ஏதாவது குறை உண்டா?"

என் அக்கா மெர்சி கட்டுப் போட்ட விரலை நீட்டினாள். "சனிக்கிழம ஊசி குத்திட்டு சார். ஆஸ்பத்திரி ஊசி."

சூப்பர்வைசர் பதறிக்கொண்டு ஓடிவந்தான். அதிகாரி அவனைக் கையமர்த்தினார். "இங்கே குப்பைன்னா கீலா கச்ரா, சூக்கா கச்ரா ரெண்டுதான் கணக்கு. ஊசியை எதுல எழுதறது?"

"ரத்தம் ஈரமா இருந்தா கீலா, காஞ்சிருந்தா சூக்கா. ஒங்களுக்கு எது தோதோ அதுல எழுதுங்க," என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமையிலிருந்து அவள் பயந்துபோய்ப் பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை. பால் கட்டி மார் வலிக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்து மறுபடியும் குப்பையில் கை வைக்கிறாள். ஊசி யாருடையது என்று தெரியாமல் டாக்டராலும் தைரியம் சொல்ல முடியவில்லை. இரத்தப் பரிசோதனையில் உறுதியாகத் தெரிய வாரக்கணக்கில் ஆகுமாம்.

காரில் ஏறப் போனவரை மறித்தேன். "சார், ஊசிய எழுதாம போவாதீங்க."

"அது என் வேலையில வராதுப்பா," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியில் அறைந்து கேட்டேன்.

"எந்த ஆஸ்பத்திரி சார்? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

வண்டி சயான் போகும் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.