பத்து வருஷம் என்று சொன்னவன்

அக்கா,

நேற்றுக் காலை சிவாஜிநகர் பஸ்ஸில் ஏறும்போது முழங்கைக்குக் கீழே கம்பியில் இடித்துக்கொண்டேன். இன்று சட்டை மாற்றும்போது பார்த்தால் அந்த இடத்தில் ஒரு நாணய அளவுக்கு நீலம். அழுத்தினால் வலித்தது. இரண்டு நாளில் பச்சையாகும், பிறகு மஞ்சளாகும், ஒரு வாரத்தில் இருந்த இடம் தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. உங்கள் கையில் ஒரு நீலம் மஞ்சளாவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று வந்துவிடும். அதை மறைக்க மார்ச் மாத வெயிலிலும் முழுக்கை போட்ட டி-ஷர்ட்டில் பள்ளிக்கூடம் போவீர்கள். பி.டி. டீச்சர் என்பதால் யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. கேட்டால் ஒரே பதில்தான். "பந்து பட்டுச்சு."

நம் காம்பவுண்டில் ஆறு வீடு. கேட்டை ஒட்டியது உங்களுடையது, கடைசி எங்களுடையது. நீங்கள் கேஜிஎஃப் தங்கவயலிலிருந்து கல்யாணமாகி லிங்கராஜபுரத்துக்கு வந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நீலத்தை நான் கவனித்தது வெகுகாலம் கழித்து, கடைசி ஒன்றரை வருஷத்தில்தான். தெரு எனக்கு முன்பே கவனித்து, உங்கள் வீட்டுக்காரரான அண்ணன் உங்களை அடிக்கிறார் என்று முடிவும் கட்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சிலிருந்து இரண்டு பெண்கள் உங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணனைப் பால் வாங்க அனுப்பிவிட்டு, ஜெபம் பண்ணி, "எங்ககிட்ட மறைக்காத சிஸ்டர்" என்றார்களாம். அன்று சாயங்காலம் எங்கள் அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். "அந்த மனுசன் கொசுவ அடிக்கிறதுக்கே ரெண்டு வாட்டி யோசிப்பாரு. என்னை எப்போ அடிக்கப் போறாரு?"

பிறகு ஒருநாள் பல் தேய்க்கும்போது ஈறில் வந்த ரத்தம் மதியம்வரை நிற்கவில்லை. பரிசோதனையில் பிளேட்லெட் பயமுறுத்தும் அளவுக்குக் குறைந்திருந்தது. இந்த ஊரில் பிளேட்லெட் என்றால் டெங்குதான். காம்பவுண்டே பப்பாளி இலையை அரைத்துக்கொண்டு வந்து நின்றது. அது டெங்கு இல்லை, உங்கள் உடம்பே தன் பிளேட்லெட்டைத் தின்றுகொண்டிருக்கிறது, முழுக்கக் குணமாகாது, அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மாத்திரையில் சில மாதம் அடங்கியது. முகம் மட்டும் ஊதிப்போனது. பிறகு மாத்திரையும் கேட்கவில்லை. வாரம் ஒன்றாக நாலு முறை ஆஸ்பத்திரியில் படுத்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், தள்ளிப்போட்டால் மூளையில் ரத்தம் கசிந்துவிடும் ஆபத்து இருக்கிறது என்றார். இன்சூரன்ஸ் இல்லாமல் அண்ணனால் அதில் ஒன்றுக்குக்கூட ஏற்பாடு செய்ய முடியாது. பாலிசி போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுமதி கேட்டு எழுதினார்கள்.

அந்த வாரம்தான் அந்த ஆள் வந்தார். நீங்கள் இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். நான் லீவு. கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, கன்னடத்தில் ஆரம்பித்து, என் பதிலைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இன்சூரன்ஸ் விஷயமாக வந்திருப்பதாகவும் நாலு பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவதாகவும் சொன்னார். பிறகு, "அவங்களுக்கு இது எவ்ளோ நாளா இருக்கு தம்பி?" என்றார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பத்து வருஷமா படறாங்க சார். பாவம். சீக்கிரம் பாஸ் பண்ணி விடுங்க."

நாம் அப்படித்தானே பேசுவோம் அக்கா? ரேஷன் கார்டு ஆபீசில் முதல் தடவை போனாலும் இது நாலாவது தடவை என்போம். தண்ணீர் வராமல் இரண்டு நாள் என்றால் வார்டு ஆபீசில் ஒரு வாரம் என்போம். உள்ளதை உள்ளபடி சொன்னால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் தலை நிமிர்வதில்லை. சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உங்கள் கஷ்டத்தை ஒன்பது வருஷம் கூட்டிச் சொன்னேன், உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. அவர் எழுதிக்கொண்டார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

மறுப்புக் கடிதம் வந்ததும் நேராக என்னிடம்தான் கொண்டுவந்தீர்கள். என் ஆபீஸ் வேலையே ஏதோ ஒரு நாட்டுக்காரர்களின் புகாருக்கு வருந்துகிறோம் என்று இங்கிலீஷில் பதில் எழுதுவது. அந்த பாஷை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள் என்பது காரணம். அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் சுமார் பத்து ஆண்டுகளாக நோய் இருப்பது உறுதியானது என்பது ஆதாரம். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுக் கடிதத்தையும் தமிழில் சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு, "பழைய நோயின்னு சொல்றாங்க, அப்பீல் போடலாம்" என்றேன்.

அப்பீல் நானே எழுதினேன். கோபமாக, நன்றாக எழுதினேன். நோய் போன வருஷம்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வைத்தேன். விதிகளைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். அக்கம்பக்கத்தார் சொன்னது மருத்துவ ஆதாரம் ஆகாது என்றும் எழுதினேன். எந்த அக்கம்பக்கத்தான், ஏன் சொன்னான் என்று எழுதவில்லை. பதில் வந்தது. விசாரணை அறிக்கையை மறுக்கும் புதிய ஆவணம் எதுவும் இல்லாததால் முடிவில் மாற்றமில்லை என்று. அந்த ஆவணம் என் வாயில் இருந்தது. முதல் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து வாயை நான் திறந்த நாள்வரை பத்தொன்பது நாள்.

ஒரு சனிக்கிழமை காலை வந்தேன். நீங்கள் பீன்ஸ் ஒடித்துக்கொண்டிருந்தீர்கள். கீறல் படக்கூடாது என்று அண்ணன் கத்தியையெல்லாம் அலமாரிக்கு மேலே ஏற்றியிருந்தார். காலில் சிவப்புப் புள்ளிகள் முட்டிவரை ஏறியிருந்தன. நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அந்த ஆள்கிட்ட பத்து வருஷம்னு சொன்னது நான்தான்."

நீங்கள் தலை தூக்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"ரெண்டு லெட்டரையும் ஸ்கூல்ல இங்கிலீஷ் மிஸ்கிட்ட காட்டினேன். அக்கம்பக்கத்துல பத்து வருஷம்னு சொன்னதா இருக்குன்னாங்க. பத்துன்னு ரவுண்டா அடிக்கிறவன் நீதான்டா. எதிர்வீட்டு ஆன்ட்டியா இருந்தா கல்யாணம் ஆன நாள்லேருந்துன்னு சொல்லியிருக்கும்."

நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்கவில்லை. திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராக வந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் பீன்ஸ் ஒடித்துவிட்டு நீங்கள் சொன்னது வேறு.

"எனக்கு என்ன பேஜாருன்னா, நீ சொன்னது பொய்யே இல்லையோன்னு இருக்கு."

பத்தாவது படிக்கும்போது பல் பிடுங்கியதில் இரண்டு நாள் ரத்தம் வந்ததாம். காப்பித்தூள் வைத்து அடைத்தார்களாம். ஹாஸ்டலில் விளையாடும் பெண்கள் எல்லோருக்கும் கால் நீலமாக இருக்கும், உங்களுக்குக் கொஞ்சம் அதிகம். மூக்கில் ரத்தம் வந்தால் உஷ்ணம் என்று விட்டுவிடுவீர்கள். எந்த டாக்டரிடமும் போனதில்லை, எந்த டாக்டரும் சொன்னதில்லை. "எனக்கு எப்பவுமே இப்படித்தான்டா. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன்."

அப்படியானால் கம்பெனி சொல்வது சரியா? தெரியாத நோயை ஒருத்தி எப்படி மறைப்பாள்? நான் சொன்னது பொய்யா, உண்மையா? பொய்யென்று நினைத்துச் சொன்ன உண்மைக்கு என்ன பெயர்? உங்களிடம் கேட்டேன், இப்போது நான் என்ன எழுதித் தர வேண்டும் என்று.

"நடந்ததை எழுது. எனக்குத் தெரியாது, தெரியாமச் சொல்லிட்டேன்னு எழுது. அன்னிக்கு உனக்குத் தெரியாதுதானே?"

"இன்னிக்குத் தெரியுமே அக்கா. உங்களுக்கும் தெரியும்."

"என்னை யாருமே கேக்கலையே" என்றீர்கள்.

ஒரு தெருவையே கேட்டு முடித்தவர்கள் நோயாளிக்கு ஒரு போன் போடவில்லை. போட்டிருந்தால் மறைக்காமல் பல் பிடுங்கிய கதையைச் சொல்லியிருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். அதையே வைத்து உங்களை மறுத்திருப்பார்கள், அதுவும் தெரியும்.

அன்றே பிரேசர் டவுனில் ஒரு நோட்டரியிடம் போனோம். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணன் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். உங்கள் நோய் வரலாறு குறித்து எனக்கு எந்த நேரடி அறிவும் கிடையாது, பரிதாபத்தால் மிகைப்படுத்திச் சொன்னேன் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியது அந்த ஆள் வந்த புதன்கிழமைக்கு உண்மை, இந்தச் சனிக்கிழமைக்குப் பொய். நோட்டரி அம்மா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஏன்பா, வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமில்ல?" என்று கேட்டு முத்திரை குத்தினார். நீங்கள் எனக்காகப் பேசினீர்கள். "நல்லதுக்குத்தான் சொன்னான் மேடம்."

இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது. இரண்டே வரி. தாமதத்துக்கு ஒரு வார்த்தை வருத்தம் கிடையாது. ஊருக்கெல்லாம் வருந்தி எழுதுகிற எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நாலு வாரம் மருந்து ஏறியது. பிளேட்லெட் எண்ணிக்கை ஏறியது. முகம் வற்றிப் பழைய முகம் வந்தது. ஜூன் மாதம் அரைக்கை டி-ஷர்ட்டில் கேட்டைத் தாண்டிப் போனீர்கள். எங்கள் அம்மா வாசலில் நின்று உங்கள் கையையே பார்த்தாள். ஏழு மாதம் அப்படி இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை பள்ளி அசெம்பிளியில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம். புதன்கிழமை நீங்கள் இல்லை.

டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். அந்த மருந்து முன்னாலேயே ஏறியிருந்தால்? அந்தப் பத்தொன்பது நாள் வீணாகாமல் இருந்திருந்தால்? அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். சிலருக்கு நிற்கும், சிலருக்குத் திரும்ப வரும், முன்னால் கொடுத்திருந்தாலும் இப்படியே ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்மேல் கோபப்பட்டிருப்பேன். இல்லை என்றால் தூங்கியிருப்பேன். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கம்பெனிமேல் கோபப்படலாம் என்றால், அவர்கள் எழுதியது கடைசியில் உங்கள் வாயாலேயே பாதி உண்மையாகிவிட்டது. ஆனாலும் கோபம் வருகிறது. அந்த ஆளின் ஸ்கூட்டர் மாதிரி ஒன்று தெருவில் போனால் வருகிறது.

அடக்க ஆராதனையில் பாஸ்டர், நெடுங்காலம் வியாதியோடு போராடிய நம் சகோதரி என்று ஜெபம் பண்ணினார். பின்னாலிருந்த பெண்கள் ஆமென் என்றார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "பன்னெண்டு வருஷம் பட்டா, பாவம்" என்றாள். எழுந்து நின்றேன்; உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாய் வரை வந்தது. அண்ணன் முன்வரிசையில் இருந்தார். உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் எங்கள் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். விடாத இருமல். டாக்டர், எவ்வளவு நாளாக என்று கேட்டார். அம்மா, "ரொம்ப நாளா இருக்கு டாக்டர்" என்று இழுத்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாலு நாள்தான் டாக்டர். சும்மா சொல்றாங்க. நாலு நாள்னு எழுதுங்க" என்றேன். என் குரல் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. "நாலு நாளா உன் காதுல விழுந்திருக்கு" என்றாள்.

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டார். நான் அம்மா பக்கம் திரும்பி, "சரி, எப்போலேருந்தும்மா?" என்று கேட்டேன். உங்களிடம் நான் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தாள். மழை ஆரம்பித்ததிலிருந்தா, அதற்கு முன்பா என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

"தெரியலையேடா" என்றாள்.

டாக்டர் குனிந்து ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறார் என்று நான் எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன் அக்கா. இப்போதெல்லாம் எங்கே போனாலும் அப்படித்தான் எட்டிப் பார்க்கிறேன்.