கதவைச் சாத்திய அரைமணி

18 ஜூலை 1976, ஞாயிறு

பின்னேரம் ஸ்பிரிங்வேலிலிருந்து செல்வம் அண்ணையும் மனைவியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். நான் அறையைப் பூட்டி, கண்ணை மூடி, மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மகள் சிட்னிக்குப் போனபின் எனக்குள் ஒரே வெறுமை. இந்த அரைமணி நேரம் மட்டும் அதனோடு அழாமல் இருக்க முடிகிறது.

என் கணவர் கதவைத் தட்டினார். நான் எழும்பவில்லை. "அவவுக்குத் தலையிடி," என்று அவர்களிடம் சொன்னது கேட்டது.

முடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

"தலையிடி எப்பிடி, தங்கச்சி?" என்றார் அண்ணை.

"தலையிடி இல்லை அண்ணை. சும்மா இருந்தனான்."

"ஆக்கள் வந்திருக்கேக்கையோ?" என்று மனைவி சிரித்தார்.

"ஓம்."

இவர் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

"சனம் என்ன கதைக்கும்?" என்றார் இவர்.

"விசர், பைத்தியம் எண்டு கதைக்கட்டும். நாளைக்கும் பூட்டுவன்."

வெறுமை இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்காக அந்த அரைமணியை விட்டுக்கொடுக்கப் போவதில்லை.