ஒரு ரூபாயும் ஒரு வரியும்

மைசூரு
ஜூன் 12

அன்புள்ள கவின்ராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது. சென்னை வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. ஹாஸ்டலில் வயிறாரச் சாப்பிடுகிறாயா? இங்கே மழை தொடங்கிவிட்டது, நஞ்சன்கூடு கம்பெனிக்குப் போகும் காலை ரயிலில் ஈரக் குடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே போகிறேன்.

போன மாதம் உனக்குப் பதினெட்டு முடிந்ததும் வக்கீல் கூப்பிட்டு, முகீத்து மல்லப்பா, முடிந்துவிட்டது என்று கன்னடத்தில் சொன்னார். நானும் உன் அம்மாவும் பிரிந்தபோது உனக்காகக் கோர்ட் போட்ட ஜீவனாம்சம் முடிந்ததாம், இனி மாதம் நாலாயிரம் கட்ட வேண்டியதில்லையாம். எனக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர் மாதிரி சிரித்தார், எரிச்சலாக வந்தது. ஐந்தாம் தேதி வழக்கம்போல அனுப்பினேன், இந்த முறை உன் நம்பருக்கே. பத்து நிமிடத்தில் அப்படியே திருப்பிவிட்டாய், ஒரு வார்த்தைகூட இல்லாமல். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, அன்று ஷிப்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் ஹனூருக்கு உன் அம்மாவுக்கே போன் செய்தேன், ஏழு வருஷத்தில் முதல் தடவை. அவன் பார்ட் டைம் வேலைக்குப் போறானுங்க, இனி யார் காசும் வேண்டாங்கறான் என்றாள். பணம் அனுப்பும்போது கீழே குறிப்பு எழுத இடம் இருக்கிறதே, அதில் நான் மாதாமாதம் அம்மாவிடம் உன்னைத்தான் விசாரித்து எழுதுவேன். காய்ச்சல் விட்டதா, பரீட்சை எப்படி, சைக்கிள் பழகிவிட்டானா என்று. அம்மா போனுக்குப் போவதை நீ எங்கே பார்க்கப் போகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று போனில் அவளே சொன்னாள், அஞ்சாந்தேதியானா அவன்தான் மொதல்ல போன எடுத்துப் படிப்பானுங்க என்று.

பணம் வேண்டாமென்றால் வேண்டாம், கவின். சம்பாதித்துப் படிக்கிறாய், எனக்குப் பெருமைதான். பிரிந்தபோது நான் பேசிய பேச்சுக்கு நீ என் போனை எடுக்காததும் நியாயம்தான். ஆனால் உன்னை விசாரிக்க எனக்கு இருந்த ஒரே வழி அந்தக் குறிப்புதான், அதுவும் நின்றுபோனால் எனக்குத் தாங்காது. அதனால் இனி ஐந்தாம் தேதிதோறும் ஒரு ரூபாய் அனுப்புவேன். அதைக் கட்டச் சொல்லி எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை.

வேலை, படிப்பு என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. மலை மாதேஸ்வரன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார், நன்றாக இரு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, ரூபாயை வேண்டுமானால் திருப்பி அனுப்பு, கீழே ஒரு வரி எழுதி அனுப்பு.

உன் அப்பா,
மல்லப்பன்